கரையாத உப்பு

ரியாச்சோ ஊரில் சம்பாயோ வீட்டார் மழையைப் பற்றி வாய் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். முதலில் தாத்தா சொல்லிவந்தார். பிறகு அப்பா. அப்பா போன பின் இருபத்திரண்டு வருடங்களாகக் கித்தேரியா சொல்லிவருகிறாள். அறுபத்து நான்கு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடக்கும்போது முதுகு வளையாது, பேசும்போது சொல் வளையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த கண்ணாடியை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தாள். சம்பாயோக்கள் யாரும் கண்ணாடி போட்டுக்கொண்டு மழை சொன்னதில்லை என்பது அவள் கட்சி.

சொல்லும் முறை இதுதான். டிசம்பரில், புனித லூசியாள் திருநாளுக்கு முந்தின மாலை, ஒரு பலகையில் ஆறு உப்புக் கற்களை வரிசையாக வைத்து ஓட்டுக்கூரை மேல் ஏற்றிவிட வேண்டும். ஜனவரி முதல் ஜூன் வரை மாதத்துக்கு ஒரு கல். விடிந்ததும் இறக்கிப் பார்த்தால் எந்தக் கல் கசிந்து கரைந்திருக்கிறதோ அந்த மாதம் மழை. அந்த உப்பை நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தால் புனிதை முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இவ்வளவையும் ஊரில் யார் வேண்டுமானாலும் செய்யலாம், செய்கிறார்கள்.

சம்பாயோ வீட்டுக்கு மட்டும் இன்னொன்று உண்டு. கல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது உடம்பு சிலிர்க்க வேண்டும். குதிகாலில் தொடங்கி உச்சந்தலை வரை ஏறி, கை மயிர் குத்திட்டு நிற்க வேண்டும். அது வந்தால்தான் கல் காட்டியது உண்மை. அது வராமல் வாய் திறக்கக் கூடாது. ஊர்க் கூட்டத்தில் சொல்லும்போது அப்பாவுக்கு அந்தச் சிலிர்ப்பு மறுபடி வரும். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். முன்வரிசைக்காரர்கள் அவர் வாயைப் பார்க்க மாட்டார்கள், கையைத்தான் பார்ப்பார்கள்.

இந்த வருடம் ஆறு கல்லும் வைத்தது வைத்தபடி நின்றன. ஓரம்கூட மழுங்கவில்லை. கித்தேரியா பலகையை மடியில் வைத்துக்கொண்டு வெயில் சுடும்வரை உட்கார்ந்திருந்தாள். உடம்பு சும்மா இருந்தது. மறுநாளும் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் போயிற்று, மூன்று ராஜாக்கள் திருநாள் போயிற்று. உடம்பு கட்டை மாதிரிக் கிடந்தது.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை, மழை சொல்பவர்கள் பள்ளிக்கூட முற்றத்தில் கூடுவது வழக்கம். எறும்பு பார்ப்பவர், நட்சத்திரம் பார்ப்பவர், குருவிக்கூடு பார்க்கும் கிழவர் அப்தியாஸ் எல்லோரும் வந்திருந்தார்கள். விதைப்பதா வேண்டாமா என்று கேட்டுப்போகச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள். ரேடியோக்காரன் ஒலிவாங்கியை நீட்டினான். கித்தேரியா எழுந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு சம்பாயோ அதுவரை உட்கார்ந்ததில்லை.

"மழை இல்ல. ஆறு கல்லும் நின்னுபோச்சு. உடம்பும் சொல்லிடுச்சு" என்றாள்.

முதல் இரண்டும் அவள் கண்ணால் பார்த்து நம்பியது. மூன்றாவது பொய். அந்த விஷயத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் பொய்.

அப்புறம் நடந்ததுதான் அவளுக்கு இன்னும் தாங்கவில்லை. இருபது வருடமாக அவள் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசும் அப்தியாஸ் எழுந்து, "கித்தேரியா சொன்னதுதான் என் வார்த்தையும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவள் உடுப்பின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் ஊரே காலியாகத் தொடங்கியது. விதைச் சோளத்தை அரைத்துத் தின்றவர்கள் உண்டு. அவளுடைய தம்பி அமாரோ, பதினொரு மாட்டையும் விற்றுவிட்டு, மனைவி லின்டால்வாவோடு சாவோ பாவ்லோவில் இருக்கும் மகனிடம் போய்விடுவது என்று முடிவு செய்தான். மாடு ஏற்றும் லாரி பிப்ரவரி நடுவில் ஒரு திங்கட்கிழமை வருவதாக ஏற்பாடு. அப்பா பிரித்துக் கொடுத்த நிலம் அது. கித்தேரியாவின் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். தன் வாயிலிருந்து வந்த ஒரு சொல் தம்பியை வேரோடு பிடுங்குகிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சொல் உண்மையாக இருந்தால் பொறுத்துக்கொள்வாள். உண்மைதானா என்பதுதான் தெரியவில்லை.

அதற்கு முந்தின சனிக்கிழமை மதியம் வேலியைத் தாண்டிப் போனாள்.

லின்டால்வா சமையல்கட்டில் சட்டிகளைப் பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

"வாங்க மதினி. காப்பி போடலாம், ஆனா கோப்பையெல்லாம் மூட்டைக்குள்ள போயிடுச்சு. உள்ளங்கையில ஊத்தினா குடிப்பீங்களா?"

"விளையாட்டு வேண்டாம் லின்டால்வா."

"அழணுமா? காலையில அழுதாச்சு. இப்ப சட்டி சுத்தற நேரம்." உப்பு ஜாடியை எடுத்துத் தலைகீழாகத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. "இதைப் பாருங்க, ஒரு வாரமா கசிஞ்சு கசிஞ்சு கட்டியாப் போச்சு. கத்தியால சுரண்டித்தான் பருப்புல போடறேன். இதைப் போய் சாவோ பாவ்லோ வரைக்கும் தூக்கிட்டுப் போகணுமா?"

"அமாரோ எங்க?"

"பட்டியில. காலையிலேர்ந்து ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியா சொல்லிட்டிருக்காரு. கல்யாணத்தப்ப என்கிட்ட இவ்வளவு பேசலை."

பட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அமாரோ வேலிக்கட்டையில் சாய்ந்து நின்றான், தொப்பியை முகத்துக்கு இறக்கி. அக்காவைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தான். மிமோசா என்ற கிழட்டுப் பசு தொட்டிக்குள் கிடந்த நக்குக் கல்லை நக்கிக்கொண்டிருந்தது. மாடுகளுக்கென்று கடையில் விற்கும் சாம்பல் நிறக் கல். கித்தேரியா அதன் பக்கத்தில் போய் நின்று கழுத்தில் கை வைத்தாள். மாடு நக்குவதை நிறுத்தவில்லை.

சரக், சரக் என்று அந்த நாக்கின் சத்தம்.

முதலில் அந்தச் சத்தம் பெரிதாகிக்கொண்டே போனது. ஈ பறக்கும் சத்தம், உள்ளே லின்டால்வா சட்டியை நகர்த்தும் சத்தம், காற்று எல்லாம் எங்கேயோ போய்விட்டன. நாக்கு மட்டும் கல்லில் உரசியது. குதிகாலில் ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துக் காலை உதறினாள். அது முழங்காலின் பின்பக்கம் ஏறிற்று. முதுகுத்தண்டில் குளிர்ந்த தண்ணீரைக் கீழிருந்து மேலே ஊற்றினால் எப்படி இருக்குமோ அப்படி ஏறிப் பிடரியில் போய் நின்று, அங்கிருந்து மண்டை முழுக்கப் பரவியது. வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. காய்ந்த சாணத்தின் நடுவில், எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லாத அந்தப் பட்டியில், நனைந்த புழுதியின் வாசனை மூக்கில் ஏறிற்று. கண் தானாக நிறைந்தது. குனிந்து கைகளைப் பார்த்தாள். மயிர் அத்தனையும் முள் மாதிரி எழுந்து நின்றது.

ஏன் என்று அவளுக்கு அப்போதும் தெரியாது. உடம்பு அறிந்துவிட்டது, புத்தி இன்னும் வந்து சேரவில்லை. மாடு தலையைத் திருப்பியது. தொட்டியில் கல் தெரிந்தது. ஒரு பக்கம் உடைத்த கரடு, மறுபக்கம் அச்சில் அழுத்திய வழவழப்பு. பலகையில் அவள் வைத்த கற்களில் மூன்றாவது, மார்ச் மாதத்துக் கல், அதற்கும் ஒரு பக்கம் இப்படித்தான் வழவழவென்று இருந்தது. விரலில் பட்டபோதே உணர்ந்திருந்தாள். உப்பில் இப்படியும் வரும் என்று விட்டுவிட்டாள்.

"அமாரோ" என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. "இந்தக் கல்லு கரையுமா?"

"என்னக்கா?"

"கேக்கறதுக்கு பதில் சொல்லு. மழையில கிடந்தா கரையுமா, கரையாதா?"

"கரையாதுன்னுதானே வாங்கினேன். எலும்புத்தூளும் சுண்ணாம்பும் போட்டு அழுத்தின கல்லு. ஆறு மாசம் வெட்ட வெளியில கிடந்தாலும் அசையாதுன்னான் கடைக்காரன்."

"உடைச்ச சில்லு எல்லாம் எங்க வெச்ச?"

அமாரோ நெற்றியைச் சொறிந்தான். "உன் வீட்லதான். நவம்பர்ல உங்க கொட்டகையில வெச்சுத்தானே உடைச்சேன். மீந்ததை அந்த நீல டப்பாவுல போட்டு மாடத்துல வெச்சேன். சொன்னேனே?"

சொல்லியிருப்பான். நீல டப்பா, லூசியாள் திருநாளுக்கென்றே கித்தேரியா வைத்திருந்த கல்லுப்பு டப்பா. நாற்பது வருடமாக அந்த மாடத்தில் இருக்கிறது. டிசம்பரில் அதற்குள் கையை விட்டு ஆறு கல் எடுத்தாள். மேலே கிடந்தவை வந்தன. நாக்கில் வைக்கக் கூடாத உப்பு. கண்ணில் வைத்துப் பார்த்திருக்கலாம், கண்ணாடி அலமாரியில் இருந்தது.

தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்தாள். அமாரோ பயந்துபோய் ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான்.

"நெஞ்சு வலிக்குதா? லின்டால்வா, தண்ணி கொண்டா."

"ஒண்ணும் வலிக்கலை. கையை எடு. மாட்டுக் கல்லைத்தாண்டா வெச்சேன் கூரை மேல. ஆறும் உன் மாட்டுக் கல்லு."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. தண்ணீர்ச் செம்போடு வந்த லின்டால்வாவுக்கு உடனே புரிந்தது. செம்பைத் தானே வாயில் வைத்துக் குடித்தாள்.

"அப்ப மழை வருமா மதினி?"

"அது தெரியாது. வராதுன்னு சொன்னது பொய். அவ்வளவுதான் தெரியும்."

"கல்லு மாறிப்போச்சு, சரி. உடம்பு சொல்லிடுச்சுன்னு சொன்னீங்களே."

கித்தேரியா தொட்டிக்குள் கிடந்த கல்லைப் பார்த்தாள். லின்டால்வா மெதுவாகத் தரையில் குந்தினாள்.

"அன்னைக்கு அந்த வெயில்ல முழுக்கை போட்டுட்டு வந்தீங்க. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லலை."

அமாரோ அக்காவின் முகத்தையே பார்த்தான். கோபப்படுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "எனக்குத் தெரிஞ்சாச்சு, போதும். லாரிக்காரனுக்கு நான் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன். ஊருக்கு எதுக்கு? அப்பா பேரு இருக்கு."

"மார்ச்சுல வர்ற சூசையப்பர் திருநாள் வரைக்கும் பொறுத்துப் பாக்கலாம்னு சும்மா ஒரு வார்த்தை சொல்லி வைங்க" என்றாள் லின்டால்வா. "ஜனங்க தானாப் புரிஞ்சுக்கும். யாரும் கேக்க மாட்டாங்க."

கித்தேரியா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். "விதைச் சோளத்தைத் தின்னவன் அப்பா பேரைச் சொல்லித்தான் தின்னான்" என்றாள். வேலியைத் தாண்டிப் போனாள்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து வந்தவர்கள் கோயில் வாசலில் இலந்தை மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அரைக்கை உடுப்பில் வந்திருந்தாள் கித்தேரியா. இலந்தை மரத்து மேடையில் ஏற அமாரோ கை கொடுத்தான். அவள் அதைப் பிடிக்காமல் ஏறினாள். அப்பாவின் முகம் நினைவுக்கு வரக் கூடாது என்று நினைத்தாள், வந்தது.

"ஜனவரியில நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன்" என்றாள்.

பேச்சு நின்றது. பின்வரிசையில் யாரோ "என்ன வாங்கிக்கறாங்களாம்?" என்று கேட்டார்கள்.

"கூரை மேல நான் வெச்சது உப்பே இல்ல. மாடு நக்கற கல்லு. கண்ணு தெரியாம எடுத்துட்டேன். அது முதல் தப்பு." மூச்சு விட்டாள். "உடம்பு சொல்லிடுச்சுன்னு சொன்னேன். சொல்லலை. ஒண்ணும் வரலை. வந்ததா சொன்னது பொய்."

இதைச் சொல்லும்போது அவள் முகம் எரிந்தது. காது மடல் இரண்டும் அடுப்பில் காட்டியது போல் சுட்டன. அவள் முதுகு இன்னும் நேரானது. கல்லெறிந்தாலும் நிற்பது என்றுதான் ஏறியிருந்தாள்.

முதலில் வாய் திறந்தவர் அப்தியாஸ். தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏம்மா கித்தேரியா, கண்ணுக்குக் காவலா இருக்கற புனிதையோட நாள்லயா உனக்குக் கண்ணு தெரியாமப் போச்சு?"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"போச்சு" என்றாள் கித்தேரியா. "வேற ஏதாவது இருக்கா கேக்க?"

"கேக்க இல்ல, சொல்ல இருக்கு." கிழவர் தடியால் மண்ணைக் கிளறினார். "மழை கிழக்கேர்ந்து வருது. வருஷம் நல்லா இருந்தா குருவி கூட்டுக்கு வாசலை மேற்க வெக்கும், தண்ணி உள்ள அடிக்காம. இந்த வருஷம் என் தோட்டத்துல மூணு கூடு. மூணும் மேற்க பாத்துத்தான் இருந்துச்சு."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. கித்தேரியாவுக்கு மேடையிலிருந்து இறங்கி அவர் தடியைப் பிடுங்க வேண்டும் போல் இருந்தது.

"அதை ஏன் அன்னைக்குச் சொல்லலை? இருபது வருஷமா நான் என்ன சொன்னாலும் இல்லம்பீங்க. இல்லன்னு சொல்ல வேண்டிய ஒரே நாள்ல ஏன் தலையாட்டினீங்க?"

"உடம்பு சொல்லிடுச்சுன்னியே. உங்க அப்பன் கையை நான் பாத்திருக்கேன். அதுக்கு முன்னால என் குருவி எம்மாத்திரம்னு வாயை மூடிட்டேன்." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வயசாச்சு. ஒரு தடவையாவது உன்கூட ஒத்துப்போகலாம்னும் பாத்தேன். அதுவும் தப்பாப் போச்சு."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். லின்டால்வாதான் முதலில், அப்புறம் முன்வரிசை, அப்புறம் கோயில் படி வரை. அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்களா என்று பிரித்துப் பார்க்க கித்தேரியாவுக்கு நேரமில்லை. நெஞ்சுக்குள் ஐந்து வாரமாகக் கட்டியிருந்த கயிறு எங்கேயோ அவிழ்ந்தது. தோள் இரண்டும் தானாக இறங்கின. மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. இத்தனை நாளும் பாதி வழியில் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. எதிர்வீட்டில் சோளப்புட்டு வேகும் வாசனை வந்தது. பசித்தது. நன்றாகப் பசித்தது.

"அப்ப விதைக்கட்டுமா கித்தேரியாம்மா?" கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டாள். கைக்குழந்தைக்காரி. "நீங்க சொன்னா விதைக்கறோம்."

எல்லோரும் அவள் கைகளைப் பார்த்தார்கள். கைகள் சாதாரணமாக இருந்தன. நேற்றுப் பட்டியில் நின்ற மயிர் இன்று படிந்து கிடந்தது.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

அந்தக் குடும்பத்தில் யாரும் அந்த வார்த்தையைப் பொது இடத்தில் சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் உலகம் இடிந்து விழும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கைக்குழந்தைக்காரி தலையாட்டிவிட்டு, "சரி, அப்ப நாங்களே பாத்துக்கறோம்" என்று குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு போனாள்.

"விதை தின்னவங்க என் வீட்டுக்கு வாங்க. அப்பா காலத்துக் குதிர்ல இருக்கு. வீட்டுக்கு ஒரு படி தரேன்" என்று கித்தேரியா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

திங்கட்கிழமை லாரி வந்துவிட்டது. அமாரோ போன் பண்ணியிருந்தான், லாரிக்காரன் நம்பவில்லை. வெயிலில் இறங்கி நின்று வேலிக்குள் மாடுகளை எண்ணிப் பார்த்தான்.

"இவ்வளவு தூரம் வரவெச்சுட்டு வேண்டாம்னா என்ன அர்த்தம்? மழை வருதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"இல்ல" என்றான் அமாரோ. "தெரியாதுன்னு சொன்னாங்க."

"தெரியாததுக்கா மாட்டை நிறுத்தறீங்க?"

"நிச்சயமா வராதுன்னு நம்பித்தானே விக்கப் பாத்தேன்."

லாரிக்காரன் அதை யோசித்துப் பார்த்தான். விட்டுவிட்டான். லின்டால்வா கோப்பைகளை மூட்டையிலிருந்து எடுத்து முதல் காப்பியை அவனுக்குத்தான் கொடுத்தாள், ஒரு துண்டு வெல்லத்தோடு. குடித்துவிட்டு, பாலாடைக்கட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு, வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு போனான். தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் மேட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் கித்தேரியா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். சத்தம் முழுதும் அடங்கிய பிறகு வீட்டுக்குள் போய்க் குதிரின் சாவியை வெளியே ஆணியில் மாட்டினாள், வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. பட்டப்பகலில், இரவில் அவள் உறங்கும் துணித் தூளியில் படுத்தாள். அந்த வீட்டில் அவள் பகலில் படுத்து யாரும் பார்த்ததில்லை. விதை கேட்டு வந்த முதல் மூன்று வீட்டார் வாசலில் நின்று குரல் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். லின்டால்வா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, தானே வந்து குதிரின் கதவைத் திறந்து படியால் அளந்து போட்டாள்.